கை வைக்க ஒரு விளிம்பு

என் வாய்க்கும் சேர்த்துப் பேசின மதினிக்கு,

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். நேற்று அண்ணனும் நானும் வண்ணார்பேட்டைக்குப் போய், போனைவிடப் பெரிதாகப் படம் தெரிகிற டேப் வாங்கி வந்துவிட்டோம். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி டேப் இல்லை. உங்களிடம் சொல்லாமல் துணியில் ஊசி வைக்க முடியவில்லை.

வீரவநல்லூர் அக்கா நினைவிருக்கிறதா? போன வருஷம் மயில் வைத்த கல்யாண ஜாக்கெட்டுக்கு நாம் ஆரி வேலை செய்து கொடுத்தோமே, அவர்தான். அவர் தங்கைக்கு இந்த ஆவணியில் கல்யாணம். "அதே மயிலு, அதே கை நெறஞ்ச வேல. ஒன்னால தனியா முடியுமாட்டி?" என்று வாசலில் நின்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நீங்கள் காய்ச்சலில் கண்மூடிப் போன பிறகு எனக்கு வந்த முதல் வேலை இது. மயில் கோணிப்போனால் அடுத்து ஒருவரும் துணி கொண்டுவர மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்றே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் விட்டால் எங்கே போவேன்?

மயில் வரைந்திருந்த பழைய ட்ரேஸ் பேப்பர், பொடி கரைக்கும் மண்ணெண்ணெய் ஊறி நைந்துவிட்டது. உங்கள் போனில் இருக்கும் ஜாக்கெட் படத்தைப் பார்த்துத்தான் மயிலைப் புதிதாக எடுக்க வேண்டும். படத்தின் மேல் பேப்பரை விரித்து, கண்ணாடிக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்தில் கோடு இழுக்க நமக்குத் தெரியும். போனில் மயிலை முழுதாக வைத்தால் பல்லி அளவுக்கு இருக்கும். பெரிதாக்கினால் கழுத்து ஒரு பேப்பர், தோகை ஒரு பேப்பர்.

என் கை கண்ணாடியில் பட்டால் போதும், படம் நகர்ந்து மயில் ஓடிவிடும். அதற்காகவே போனை ஒட்டிப் பலகையின் மேல் உங்கள் கையைக் கவிழ்த்து வைப்பீர்கள். என் மணிக்கட்டு உங்கள் புறங்கையில் ஊன்றியிருக்கும். "ஏட்டி, ஒனக்கு கையா, அம்மிக்கல்லா? எனக்கு மரத்துப் போச்சு" என்பீர்கள். ஆனால் எடுக்க மாட்டீர்கள்.

"உள்ளங்கைய விட ஒரு சுத்து பெருசா டேப் வாங்கணும்ட்டி. கூர்மையாத் தெரியணும். பாசிமணிய எண்ணணும், நூலு எந்தப் பக்கம் சுத்திருக்குன்னு பாக்கணும்." இதைச் சொல்லாமல் நீங்கள் ஒரு ஜாக்கெட்டையும் முடித்ததில்லை. அண்ணன் அதை மனதில் வைத்திருந்தார்.

வாழைத்தார் இறக்கிவிட்டு லோடு ஆட்டோவிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாலத்துக்குக் கீழே ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. நான் அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கடைக்காரர் ஒரே அளவில் இரண்டு டேப்பை எடுத்து வைத்தார். "இத பாருங்க அண்ணாச்சி. எறும்போட காலு கூட தனித்தனியாத் தெரியும். ஓரம் வரைக்கும் படந்தான்." இன்னொன்றை மெல்ல ஒதுக்கினார். "இது பழைய மாடலு. சுத்தி கறுப்புப் பட்டி தடியா இருக்கு, படமும் கொஞ்சம் மங்கல். ரெண்டும் வெலையில பெரிய வித்தியாசமில்ல, இத எதுக்கு எடுக்கிய?"

அண்ணன் உங்கள் போனிலிருந்து மயில் படத்தை முதல் டேப்புக்கு அனுப்பினார். அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் ஜாக்கெட்டைப் பிடித்திருக்கும் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது, மதினி. இத்தனை நாள் போனில் பார்த்தும் நான் கவனிக்கவில்லை. இதில் எல்லாமே தெரிந்தது. நகத்தில் பாதி அழிந்த மருதாணி, ஊசி குத்தின கறுப்புப் புள்ளிகள், விரல் ரேகை.

அண்ணன் மயிலைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதையே போட்டுருங்க" என்றார். கடைக்காரர் பெட்டியைத் தேடத் திரும்பினார்.

படம் ஓரம் வரைக்கும் இருந்தால் என் கையை எங்கே வைப்பேன்? நீங்கள் இருந்தால் என் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பீர்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரோ போனுக்கு உறை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, இதுல கை வைக்க எடமில்ல."

"கைய எதுக்கும்மா வைக்கணும்? கண்ணாலதான பாக்கணும்" என்று கடைக்காரர் சிரித்தார். உறை பார்த்தவர்களும் திரும்பினார்கள். என் காது சுட்டது. பையில் சுருட்டி வைத்திருந்த ட்ரேஸ் பேப்பரை எடுத்து அந்த டேப்பின் மேல் விரித்தேன். பென்சிலைப் பிடித்துக் கையை ஊன்றியதும் மயில் ஓடியது. அதோடு உங்கள் விரலும் ஓடியது.

அண்ணன் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "ஒனக்கு ஒம் மதினியத் தெளிவாப் பாக்க வேண்டாமாட்டி?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மற்ற டேப்பை எடுத்துக் காட்டி, அதிலும் படத்தைப் போடச் சொன்னேன். அதில் உங்கள் விரல் விரல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மருதாணி தெரியவில்லை. அதன் மேல் பேப்பரை விரித்து மணிக்கட்டைக் கறுப்புப் பட்டியில் ஊன்றினேன். மயில் அப்படியே நின்றது. பேப்பருக்கு அடியில் போய்விட்டால் இரண்டு டேப்பும் ஒரே மங்கல்தான் என்பதையும் அண்ணன் பார்த்தார்.

"பென்சில இங்கன குடு" என்றார். தார் தூக்கிக் காய்த்த கையைப் பட்டியில் வைத்து மயிலின் மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார். கோடு கோணல். படம் அசையவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றார்.

"இத எடுத்துக்கிடுதோம்" என்றார்.

திரும்பும்போது பேட்டையைத் தாண்டினோம். அப்புறம், "அவ்வளவு பேருக்கு முன்னால வாயத் தொறந்துட்டியே. அவ இருந்தா இத ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா" என்றார். சிரித்தார், ஆனால் முகத்தை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டார். உங்கள் போன் இனி தன்னிடமே இருக்கட்டும் என்றார். பார்ப்பதற்கு அது போதுமாம். போதுமா மதினி?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மயிலின் கழுத்துக்குக் கீழே மூன்றாவது வரிசையில் நீங்கள் வைத்தது பாசியா, நூல் முடிச்சா என்று இந்த டேப்பில் தெரியவில்லை. பெரிதாக்கினாலும் கலங்கலாகத்தான் இருக்கிறது. கூர்மையானதை எடுத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வரிசைக்கு மட்டும் அண்ணனிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டுமே என்பதுதான் இப்போது யோசனை.

மத்தியானம் ஒரே மூச்சில் மயிலை எடுத்து முடித்தேன். கறுப்புப் பட்டி சில்லென்று இருக்கிறது, உங்கள் கைச்சூடு அதில் இல்லை. மரத்துப் போச்சு என்று சொல்லவும் ஆளில்லை. பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கண்டேன். தோகையின் கடைசிக் கோட்டிலிருந்து பென்சில் நிற்காமல் போய் உங்கள் கட்டைவிரலையும் சுற்றி வந்திருக்கிறது. நகம் வரைக்கும் போட்டிருக்கிறேன். கைக்கு அதுவும் பூ வேலை என்று தோன்றிவிட்டது போல.

அழிரப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

இனி கோட்டின் மேல் ஊசியால் ஓட்டை குத்தி, பேப்பரைத் துணியில் வைத்துப் பொடி தேய்க்க வேண்டும்; ஓட்டை வழியே படம் துணியில் இறங்கும். மயில் முழுவதும் குத்துவேன். அந்த விரலில் மட்டும் ஊசி படாது. அது துணிக்குப் போகாது, பேப்பரிலேயே இருக்கும். எத்தனை ஜாக்கெட்டுக்கு அந்த மயில் போனாலும் கீழே நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆவணிக்குள் முடித்துவிடுவேன், மதினி. வீரவநல்லூர் அக்கா வாங்க வரும்போது கதவுக்கு வெளியே வந்து நின்று கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் புறங்கையில் கை ஊன்றி வரைந்த நாத்தனார்,
இசக்கி