ஹெரால்டு காருக்கு மாட்டிய தப்பான சிலிண்டர்

அதியமான்கோட்டை,
ஞாயிறு.

பூவிழி அப்பாவுக்கு,

நானும் பூவிழியும் நன்றாக இருக்கிறோம். கை நடுக்கம் குறைந்ததா? குடியை நிறுத்தும் மையத்தில் போன் தர மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் இல்லாமல் பட்டறை ஓடாது, உடனே வந்து கூட்டிப் போ என்று எழுதியிருந்தீர்கள். பட்டறை ஓடுகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரியூர் அர்ச்சுனன் வாத்தியாரின் ஹெரால்டுக்கு, நீங்கள் அங்கே போவதற்கு முந்தின வாரம் கிளட்ச் சிலிண்டர் மாற்றினீர்களே, கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது. பாலக்கோடு மார்க்கெட் நெரிசலில் கிளட்சை மிதித்தும் வண்டி நகர்ந்து தக்காளி டிராக்டரில் முட்டிவிட்டது. அவர் மனைவி தங்கம்மாளுக்கு நெற்றியில் நாலு தையல்.

பழைய சிலிண்டரைத் தேடி எடுத்து இரண்டையும் வெர்னியரில் அளந்தேன். வெளியே பார்த்தால் ஒன்று போலத்தான். உள்வாய் பழையதில் இருபத்திரண்டு மில்லி, புதியதில் இருபத்தைந்துக்கு மேல். பெடலை மிதித்தால் மேலிருந்து வரும் ஆயில் அதே அளவுதானே? வாய் அகலமானால் தண்டு குறைவாகத்தான் தள்ளும். கிளட்ச் முழுசாக விடவில்லை.

அதை மாட்டிய அன்று மதியமே குடித்து உங்கள் கண் சிவந்திருந்தது. பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தையலில் எனக்கும் பங்கு உண்டு.

சிலிண்டர் விற்ற கடைக்காரன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. தப்பு எங்களுடையதுங்க, அளக்காமல் மாட்டிவிட்டோம் என்று வாத்தியாரிடமே சொன்னேன். இரண்டு சிலிண்டரையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, "நீயே சரி பண்ணுவியாம்மா?" என்று கேட்டார். பண்ணுவேன் என்றேன்.

சரியான அளவு கோயம்புத்தூரிலிருந்து வந்தது. நான் அடியில் படுத்து ஆயில் குழாயில் இருந்த காற்றை எடுக்க, வாத்தியாரே உட்கார்ந்து பெடலை மிதித்தார். அவரைப் பக்கத்தில் வைத்து அதே மார்க்கெட்டுக்கு ஓட்டினேன். இருபது தடவை நிறுத்தி எடுத்தேன். ஒரு தடவைகூடக் கியர் கத்தவில்லை. தங்கம்மாளைப் போய்ப் பார்த்தேன். மோர் கொடுத்தார். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் கூட்டிப் போக வர மாட்டேன். இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது. ஒரு நாள் குறைத்து வந்தாலும் வூட்டுக் கதவைத் திறக்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டை ஒதுக்காதீர்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பூவிழி உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். முழு ஆளாக வந்து சேருங்கள்.

உங்கள்
நிர்மலாதேவி