முடக்கு

8 ஜூலை 2025, செவ்வாய்

பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள். ரமணாசிரமம் பக்கம் காலி அறை ஒன்றுகூட இல்லை, கசியாத குழாயும் ஒன்றுகூட இல்லை. பிளம்பருக்கு இதுதான் திருவிழா. குழாய் வளையும் இடத்து எல்போ மூன்று மாற்றினேன். முதுகு அறுபது வயது என்கிறது. வாய் மட்டும் இன்னும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் என்றேன். மனைவி ஆதிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். "வெளியில சங்கம்னு சொல்லுங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரத்துல, அவங்கப்பா மாசாமாசம் லாட்ஜுக்குப் போறாருன்னு பேச்சு வேணாம்."

இந்த ஊரில் லாட்ஜ் என்றால் ரூம் போடுகிற இடம். எங்களுடையது சகோதர லாட்ஜ். பட்டாளத்தில் இருந்தவர்களும் கைத்தொழில்காரர்களும் சேர்ந்த சபை. "ரூமே போடாம லாட்ஜுல மெம்பர் ஆனவரு எங்கப்பா" என்று மணிமொழி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

13 ஜூலை, ஞாயிறு

புது உறுப்பினர் பெயரை வாசித்தார்கள். இளஞ்செழியன், வேன் ஓட்டுநர், கீழ்பென்னாத்தூர். தகப்பனார் லான்ஸ் நாயக் சக்கரவர்த்தி, 1987இல் யாழ்ப்பாணத்தில் வீரமரணம்.

காதுக்குள் விசில் அடித்தது.

எங்கள் வழக்கம் இது: புதியவருக்குக் கண்ணைக் கட்டிவிடுவோம். பழைய சகோதரர் ஒருவர் கையைப் பிடித்து, மண்டபத்தின் நாலு மூலையும் சுற்றி அழைத்து வரவேண்டும். ஒவ்வொரு மூலையிலும் "திருப்பம்" என்று சொல்லவேண்டும். அந்தக் குரலை நம்பி நடக்கிறவன் சகோதரன்.

தலைவர் ராஜேந்திரன் என்னைக் காட்டினார். "நீதான் கூட்டினு வரணும். அவங்கப்பன் கூட நின்னவன் நம்மள்ல நீ ஒருத்தன்தானே?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், லூசு மாதிரி.

14 ஜூலை

வேங்கிக்காலில் புது வீடு. ஷவரைச் சுவர் பார்த்து மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். இனி அங்கே தினமும் சுவர் குளிக்கும்.

19 ஜூலை, சனி

இளஞ்செழியன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஒரு கிலோ ஜாங்கிரி. "சித்தப்பா" என்று காலில் விழுந்தான். நிமிர்ந்தபோது அதே மூக்கு, அதே கோணல் பல்.

"அப்பா சாகறப்ப நான் அம்மா வயித்துல இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச அப்பா, நீங்க எழுதின லெட்டருதான். அம்மா அதுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. கடைசியா இன்னா பேசினாரு, சித்தப்பா?"

"பசிக்குதுன்னாரு."

அது நிஜம். அப்புறம் நான் என்ன பேசினேன் என்று அவன் கேட்கவில்லை.

'எதிரியை நேருக்கு நேர் நின்று சுட்டார்' என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துக்குக் கிடைத்த ஒரே கண்ணாடிச் சட்டம் ஒரு பொய்க்கு. கீழ்பென்னாத்தூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதில்லை.

24 ஜூலை, வியாழன்

இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். ஒன்பது வயதில் கப்பலில் வந்தோம். காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்', பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரன்'. வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். தோட்டத்துப் பேச்சை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டேன், தேய்ந்த வாஷரைப் போல. சாலை வளைவை அப்பா 'முடக்கு' என்பார். நானும் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட, பையன்கள் ஒரு வாரம் 'முடம், முடம்' என்று நொண்டி நொண்டிக் காட்டினார்கள். முதலில் தொலைத்தது அந்த வார்த்தையைத்தான்.

பட்டாளத்தில் சேர்ந்தேன். எண்பத்தேழில் அதே தீவுக்கே அனுப்பினார்கள். அங்கே பிறந்தவன் என்பதால் ஜனங்களிடம் விசாரிக்கிற வேலை எனக்கு. ஒரு காலை, ஒரு பெரியவரை வழி காட்டச் சொல்லிக் கூப்பிட்டோம். சக்கரவர்த்தி எட்ட முன்னால் நின்றார்.

"முடக்காலை போகேலாது, தம்பி" என்றார் பெரியவர்.

முடக்கு வழியாகப் போகக்கூடாது. அவ்வளவுதான் அவர் சொன்னது. என் காதில் விழுந்ததோ 'முடக் கால்'. கால் முடமாம், நடக்க முடியாதாம் என்று ஹவில்தாரிடம் இந்தியில் சொன்னேன். சரி, விடு என்றார். நடந்தோம்.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். நான் முடம் என்று சொன்ன மனுஷன், கையை ஆட்டிக்கொண்டு, ரெண்டு காலாலும் ஓடி வர்றாரு. ஓட்டமா ஓடி வர்றாரு —

சக்கரவர்த்தி அதற்குள் வளைவில் திரும்பியிருந்தார். கண்ணிவெடி.

யாருக்கும் சொன்னதில்லை. ஆதிலட்சுமிக்குக்கூட.

2 ஆகஸ்ட்

முட்டி வலி, வேறு ஆளைப் போடுங்கள் என்று ராஜேந்திரனுக்குப் போன் செய்தேன். "இன்னா சகோதரா, காலு முடமா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

9 ஆகஸ்ட்

நாளைக்கு. சொன்னா போயிடுவான். சொல்லலன்னா என் கையப் புடிச்சினு வருவான். இதுல எதுக்குடா பயப்படற? ரெண்டுக்கும்தான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கண்ணைக் கட்டினோம். கையைக் கொடுத்தான். முதல் மூலை, திருப்பம். இரண்டாவது, திருப்பம். மூன்றாவதில் மெதுவாகச் சொன்னான்: "கண்ணு கட்டினது எனக்கு. கால பாத்துப் பாத்து வைக்கறது நீங்களா, சித்தப்பா?"

நான்காவது மூலையில் என் கால் நின்றுவிட்டது. வாயைத் திறந்தேன்.

"முடக்கு."

"இன்னாது?"

"திருப்பம்னு சொல்லு, சகோதரா" என்றார் ராஜேந்திரன்.

கண்கட்டைத் தலைவர்தான் அவிழ்க்கவேண்டும். நான் அவிழ்த்தேன். அந்த மூலையிலேயே, எல்லோர் முன்னாலும், வார்த்தை விடாமல் சொன்னேன்.

இளஞ்செழியன் தன் கையைத் துடைத்துக்கொண்டான். "லெட்டர்ல வேற மாதிரி எழுதியிருந்தீங்களே, சார்."

சார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

11 ஆகஸ்ட்

ஆதிலட்சுமியிடமும் சொன்னேன். "இத்தினி வருஷம் ஒண்டியா வச்சினு இருந்தியா?" என்றாள். கல்யாணமாகி முதல்முறையாக 'ங்க' இல்லாத 'யா'.

24 ஆகஸ்ட்

தகவல் இல்லை. போன் அடித்தால் யார் பெயர் என்று முதலில் பார்க்கிறேன். கீழ்பென்னாத்தூர் பஸ் கடந்து போனால் குனிந்துகொள்கிறேன். நல்லவேளை, பிளம்பர் குனிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இளஞ்செழியனின் அம்மா பச்சையம்மாள் அக்கா அந்த லெட்டர் கண்ணாடியை இந்நேரம் கழற்றியிருப்பார்.

2 செப்டம்பர், செவ்வாய்

காலை ஆறே முக்காலுக்குப் போன். இளஞ்செழியன்.

"டேங்க்ல தண்ணி ஏறல. அம்மா உங்களத்தான் கூப்பிடச் சொல்லுது."

ஊரில் வேறு பிளம்பரா இல்லை? கேட்கவில்லை. வீட்டுக்கு வழி கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா வாங்க. ரெண்டாவது —" நிறுத்தினான்.

"ரெண்டாவது முடக்குல திரும்புங்க, சித்தப்பா."

பைப் ரெஞ்சு, டேப், நாலு எல்போ பையில் போட்டாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது. ஏழரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.