இரண்டாவது சோதனை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். முழங்கால் நோ குறைந்ததா? வவுனியாவில் நான் நலம்.

போன கிழமை விசுவமடு இலட்சுமி அக்காவுக்குப் பிரசவத்தில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. உப்புநீரில் கலந்து நான் செய்த முதற்சோதனையில் எங்கள் ஆஸ்பத்திரி இரத்த வங்கிப் பை அவவின் இரத்தத்தோடு பொருந்தியது.

"பிறகென்ன, குடுங்கோவன்," என்றார் டொக்டர்.

முந்திய பிள்ளை மஞ்சளாகி இறந்ததென்று சீட்டில் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ, சேர்."

இரண்டு இரத்தத்தையும் கலந்து உடற்சூட்டில் வைத்து, கழுவி, மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் கூம்ஸ் மருந்து விட்டேன். இரத்தம் கட்டிகட்டியாகத் திரண்டது. முந்திய பிள்ளையைச் சுமந்தபோது தாயின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பு அது; வயிற்றுப் பிள்ளையை மஞ்சளாக்கக்கூடியதும் அதுதான். முதற்சோதனைக்கு அது தெரியாது. ஏற்றியிருந்தால் ஆபத்து. ஆறாவது பைதான் பொருந்தியது. தாயும் மகளும் சுகம்.

கொஞ்சம் இறால் கருவாடு அனுப்புங்கோ. தனியே இருந்து சாப்பிடச் சோறு இறங்குதில்லை. உங்களுடைய பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்துப் படுக்க.

கடிதம் கொண்டுவரும் சிஸ்டர் வாசலில் நிற்கிறா. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பின் பிறந்த தம்பிமார் இருவரும் மஞ்சளாகித்தான் போனார்கள். பிள்ளைவயிற்றோடு நாயாற்றுக் களப்பில் இறங்கி இறால் பிடித்ததால் என்று இன்னும் அழுகிறீர்கள். சோதிக்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் இறால் பிடித்ததால் இல்லை, அம்மா. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

உங்கள் மகள்
கலிஸ்ரா