மைனஸ் நான்கு ஓம்

இன்று காலை லைனில் சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. அதை நீ "பொழப்புச் சாம்பிராணி" என்பாய். தினமும் வரும் நினைவுதான். தினமும்போல் இன்றும் தள்ளிவைக்கப் பார்த்தேன்.

அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். நான் சோதித்து ஓகே போட்டு உள்ளே அனுப்பிய ரெசிஸ்டர்களில் கோளாறாம். நூறு ஓம் காட்ட வேண்டியவை, போர்டில் அளந்தால் எழுபத்தைந்து காட்டுகின்றன. "லாட் முழுக்கத் தப்புன்னா உம்மேலதாம்மா வரும்" என்றார். என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் நேரம் வேறு. மீட்டரை எடுத்தேன். நானும் அளந்தேன். எழுபத்தைந்து. அடுத்த போர்டு, அதுவும் எழுபத்தைந்து.

அது எப்படி எல்லாமே ஒரே அளவுக்குத் தப்பும் என்று யோசித்தபோதுதான் நாம் சேர்ந்து தங்கியிருந்த மூக்கண்டப்பள்ளி அறை கண்முன் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து டிப்ளமோ அரியருக்குப் படித்துக்கொண்டிருந்தோம். இணையாக இரண்டு மின்தடைகள், மொத்தம் ஆறு ஓம், ஒன்று பத்து என்றால் மற்றது எவ்வளவு? நான் கண்ணை மூடிக்கொண்டு ஆறிலிருந்து பத்தைக் கழித்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"மைனஸ் நாலு ஓமா? எந்தக் கடைல புள்ள விக்குது? எனக்கும் ரெண்டு வாங்கியா."

"பல்லக் காட்டுனது போதும். எப்பிடின்னு சொல்லித் தொலைடி."

குருபரப்பள்ளிக்காரியான நீ கணக்கு என்று வந்தால் வாய்க்குள் தெலுங்கில்தான் எண்ணுவாய். எண்ணிக்கொண்டே எழுதினாய். ஆறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று போனால் பதினைந்தில் ஒன்று. ஆக, பதினைந்து ஓம். "ஒண்ணு பின்னால ஒண்ணு வர்ற சீரீஸ்னா நேரா கழிச்சுக்க. பேரலல்னா கரண்டுக்கு இன்னொரு வழி இருக்குது, மொத்தத் தடை கொறஞ்சுதான் ஆவணும். மொதல்ல எங்க பிரியுதுன்னு பாரு. அப்பறம் பேனாவ எடு."

போர்டைத் திருப்பிப் பார்த்தேன். நூறு ஓமின் இரு முனைகளோடும் இன்னொரு ரெசிஸ்டர் இணையாகச் சேர்ந்திருந்தது. எழுபத்தைந்தில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றைக் கழித்தேன். முந்நூறில் ஒன்று வந்தது. டிராயிங்கிலும் அது முந்நூறுதான். சால்டரை உருக்கி, நூறு ஓமின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு அளந்தேன். நூறு! ரெசிஸ்டரில் தப்பில்லை, போர்டோடு சேர்த்து அளந்ததில்தான். அப்பாடா என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசருக்கும் முகம் தெளிந்தது. "நல்லவேளம்மா. ரிஜெக்ட்டுன்னு மேல சொல்லப் போய்ட்டு இருந்தேன்" என்று லைனை ஓடவிட்டார்.

நீ போன பிறகு, உன்னை நினைத்தாலே ஆஸ்பத்திரிக் கட்டிலும், ஊசி குத்திக் குத்தி நீலம் பாய்ந்த உன் கையும்தான் முன்னால் நிற்கும். அதற்குப் பயந்துதான் உன்னை நினைக்காமலே இருக்கப் பழகினேன். இன்று டீ நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே உன்னை நினைத்துப் பார்த்தேன். கட்டில் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீதான் வந்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நானும் சிரித்துவிட்டேன்டி.