இருமல் இல்லாத நோயாளி

அனுப்புநர்:
பதினாலாம் பெட் அக்கா (நோயாளியின் உடன்பிறந்தவள், தையல் தொழில்),
ஆண்கள் பொது வார்டு வாசல்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட என் தம்பிக்கு நிறுத்தப்பட்ட மூச்சுப் பயிற்சியை உடனே தொடரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி பெயின்டர். ஆறு வாரங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளுக்குக் கீழே அசைவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. தங்கள் வார்டுச் சுவருக்கு இரண்டாம் கோட்டிங் அடிக்காமல் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று படுத்தபடியே கண்டுபிடித்தவன் அவன்.

2. வயிற்றுத் தசை வேலை செய்யாததால் அவனால் இரும முடியாது. சளி நெஞ்சிலேயே தங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் தினமும் இருவேளை வந்து, விலாவுக்குக் கீழே இரு கைகளையும் வைத்து, அவன் இருமப் பார்க்கும் அதே நொடியில் மேல்நோக்கி அழுத்துவார். சளி வெளியே வரும். எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

3. சென்ற வியாழனன்று அவனைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கேஸ் ஷீட்டில் மூன்று நாளாக "இருமல் இல்லை" என்று இருந்ததைப் பார்த்து, நெஞ்சு சரியாகிவிட்டது என முடிவுசெய்து பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். முறையிட்டபோது சிஸ்டர், "இருமலே இல்லியேம்மா, சந்தோஷப்படுங்க" என்றார். ஐயா, இரும முடியாததுதான் அவனுக்கு ஆபத்தே. சிஸ்டர் நல்லவர்தான், நாற்பது பேருக்கு அவர் ஒருவர். அதற்காக என் தம்பியை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

4. நானே அழுத்தினேன். நோயாளியின் வயிற்றில் குத்துகிறாள் என்று புகார் போய், காவலாளி என்னை வெளியேற்றினார். வெட்கத்தை விட்டு அவர் காலிலும் விழுந்தேன். இப்போது மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டுமே அனுமதி. சளி மணி பார்த்து வருவதில்லை. மீதி நேரமெல்லாம் அவன் தொண்டை கரகரப்பதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

5. ஆகவே கேஸ் ஷீட்டைத் திருத்தி, பிசியோதெரபிஸ்டைத் திரும்ப அனுப்புமாறும், அவர் வரும்வரை என்னைப் படுக்கையருகே இருக்க விடுமாறும் கெஞ்சிக் கேட்கிறேன். என் கை தவறென்றால் எந்த டாக்டர் முன்னாலும் செய்து காட்டத் தயார்.

6. ஒரே மூச்சில் எண்ணச் சொல்லித்தான் பிசியோதெரபிஸ்ட் அவன் நெஞ்சைச் சோதிப்பார். அவர் வந்த கடைசி நாளில் தம்பி பதினெட்டு வரை எண்ணினான். ஞாயிறன்று பதினொன்று. நேற்று ஏழு. இதை எழுதும்போது ஜன்னல் வழியே எண்ணச் சொன்னேன்: நான்கு.

தாங்கள் பதில் எழுத வேண்டாம். எழுந்து வாருங்கள்.

இடம்: வார்டு வெளித் தாழ்வாரம்
நாள்: செவ்வாய், காலை பத்தரை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பதினாலாம் பெட் அக்கா