அவர் வேலை பார்க்கும் படகு

மே 26, திங்கள். அரியலூர்

கத்திரி முடிய இன்னும் இரண்டு நாள். மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. வடகம் காய்ந்துவிட்டது. அந்த வரைக்கும் லாபம்.

பெட்டியில் இனி வைக்க வேண்டியவை: வெங்காய வடகம், முருங்கைக்கீரைப் பொடி, ரா.வுக்கு இரண்டு லுங்கி, மூட்டுவலித் தைலம், எனக்கு வாந்தி மாத்திரை. சின்ன வெங்காயம் வேண்டும் என்று போனில் கேட்டார். விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள் என்றேன். "குன்னத்து வெங்காயம்னு சொல்லு, விட்டுருவான்" என்றார். என் வீட்டுக்காரருக்கு இந்தப் பேச்செல்லாம் போனில்தான். நேரில் வந்தால் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

காலையில் பெரம்பலூர். கல்லூரியில் விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்தேன். நான் அவரைப் பார்க்கப் போகும் விஷயம் எங்கள் இயற்பியல் துறை தாண்டிப் போயிருக்கிறது. கணக்குத் துறை மேடம் வழிமறித்து, "என்ன மேடம், இந்த வயசுல ஹனிமூனா?" திரும்பும் பஸ்ஸில் பதில் தோன்றிக்கொண்டே வந்தது. அந்த வயதில் மட்டும் எங்கே போனோம்? கல்யாணமான புதிதில் அவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி மெக்கானிக். ராத்திரி ஷிஃப்ட். பிறகு மஸ்கட். இப்போது ஐரோப்பாவில், மால்டா தீவில் ஒரு சுற்றுலாப் படகில் எஞ்சின் பார்க்கிறார். டீசல் எஞ்சின் நிலத்தில் இருந்தால் லாரி, தண்ணீரில் இருந்தால் படகு, அவ்வளவுதான் என்பார். கொள்ளிடத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காத ஆள். வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வந்து போகிறார். நான் அங்கே போவது இதுதான் முதல் தடவை.

மதியம் சாப்பிடும்போது மாமியார்: "சுத்திப் பாக்கறதெல்லாம் இருக்கட்டும். வரும்போது அவன கையோட கூட்டியாந்துரு. நீ சொன்னா கேப்பான்."

நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார் என்று யோசித்தேன். கேட்காமல் போனார் என்றும் சொல்ல முடியாது. நான் சொன்னதே இல்லை.

மே 29, வியாழன். மால்டா

வெயில். ஆனால் காற்று ஈரம். உதட்டில் உப்பு.

திருச்சி, துபாய், இங்கே. கால் வீங்கிவிட்டது. விமான நிலையத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள். ரா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். இளைத்திருக்கிறார். மீசையை எடுத்துவிட்டார், சொல்லவே இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஊர் பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு மூன்று பேர் தங்குவது. ஒரு நேபாளி, ஒரு கேரளக்காரர். நான் இருக்கும்வரை வேறு நண்பர்கள் அறைக்குப் போகிறார்களாம். போகும்போது இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு! ரா. கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

கட்டிலுக்கு மேலே, சுவரில், என் பழைய போட்டோ. எம்.எஸ்சி. படிக்கும்போது எடுத்தது. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்கவில்லை.

மே 30, வெள்ளி

காலை எட்டு மணிக்கு வெடி. படுக்கையிலிருந்து எழுந்து ஓடி அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்களைப் பிடித்துக்கொண்டேன். அரியலூரில் குவாரி வெடி வைத்தால் எல்லார் வீட்டிலும் அதுதானே முதல் வேலை. ரா. பல் தேய்த்தபடியே வந்து பார்த்தார். "விடு. மாதா கோயில் திருவிழா. இங்க பகல்லயே வெடி போடுவானுங்க." கொஞ்சம் கழித்து, வந்த புதிதில் தானும் அப்படித்தான் பிடித்ததாகச் சொன்னார். அப்போது இருந்த வீட்டில் பிடிக்க டம்ளர் கூட இல்லையாம். ஜன்னலைப் பிடித்தாராம்.

இருவரும் சிரித்தோம். நேரில் சிரித்தது.

ஊர் முழுக்க அதே கல். வெளிர் மஞ்சள். வீடு, கோயில், மதில் எல்லாம். நம்மூரில் வெட்டி அரைத்து சிமென்ட் ஆக்கிவிடுகிறோம். இவர்கள் அப்படியே அடுக்கி வீடு கட்டிவிட்டார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

பலத்த காற்று. படகுகள் ஓடவில்லை. விடுமுறை, ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். எஞ்சினைப் பிரித்து வேலை இருக்கிறதாம், போய்விட்டார். வடகம் தாளித்துக் குழம்பு வைத்தேன். மேல் வீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து கதவைத் தட்டி, ஏதாவது தீய்ந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, வாசனையே இதுதான் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

சாயங்காலம் வந்தவர் குழம்பை மூன்று தடவை போட்டுக்கொண்டார். சட்டியை வழித்தார்.

பையன் சென்னையிலிருந்து போன். "அப்பாகிட்ட பேசினியாம்மா?" என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்று வைத்துவிட்டான். இவனும் மாமியாரும் சேர்ந்து ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

காற்று நின்றது. வானம் கழுவி விட்ட மாதிரி.

படகில் போனேன். அவர் படகில்.

படகின் சொந்தக்காரர் ஒரு வயதான அம்மாள். வெள்ளை முடி, ஆண்கள் சட்டை. டிக்கெட் வேண்டாம், வந்து உட்கார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றரை மணி நேரப் பயணம். கரையை ஒட்டியே போய், பாறைக் குகைகளைக் காட்டிவிட்டுத் திரும்பும். விளம்பரத் தாளில் "வாழ்நாளில் மறக்க முடியாத" என்று போட்டிருந்தது. இப்படிப் போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். படகு நீலமும் மஞ்சளும் சிவப்பும். முன்னால் இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கிறார்கள், புருவத்தோடு.

சுமார் முப்பது பேர். வரிசையில் நின்றோம். ரா. ஒரு கால் கரையில், ஒரு கால் படகில். வெள்ளை பனியன், கறுப்புக் கண்ணாடி. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கை நீட்டுகிறார். வயதானவர்கள், குழந்தைகள், அரை டிரவுசர் போட்ட பெண்கள், எல்லாருக்கும். முழங்கைக்குக் கீழே உறுதியாகப் பிடித்து, "ஓகே? ஓகே" என்று உள்ளே இறக்கிவிடுகிறார். எனக்கு முன்னால் இருந்த தடித்த வெள்ளைக்காரருக்குக் கூட.

என் முறை. கை நீட்டினார். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, நானே ஏறிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று. அங்கே யாருக்கும் நாங்கள் யார் என்று தெரியாது. தெரிந்தால்தான் என்ன? ஆனால் கை தானாகக் கம்பிக்குப் போய்விட்டது. திருமானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால் நடப்பார், நான் பின்னால். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது. அவர் நீட்டிய கையை மடக்கி அடுத்த ஆளுக்கு நீட்டினார். கறுப்புக் கண்ணாடி. முகம் தெரியவில்லை.

நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி. தனியாக வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்தலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர் தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

பாறைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. படிவுப் பாறை, அடுக்கு அடுக்காக. குவாரிச் சுவர் மாதிரியேதான். அரியலூரும் ஒரு காலத்தில் கடலடிதான், பிள்ளைகள் இன்றைக்கும் கல்லில் சிப்பி பொறுக்குகிறார்கள். நம்மிடம் கடல் போய்விட்டது, இவர்களிடம் இருக்கிறது.

குகைக்குள் போகும்போது எஞ்சினை மெதுவாக்கினார்கள். தண்ணீர் நீலம். எழுத வரவில்லை. அடியில் விளக்குப் போட்ட மாதிரி. கையை விட்டால் கையும் நீலம். காரணம் தெரியும், வருடா வருடம் பாடம் நடத்துகிறேன்: தண்ணீர் சிவப்பை விழுங்கிக்கொள்ளும், அடி வெள்ளை மணல், வெளிச்சம் கீழிருந்து திரும்பி வரும். தெரிந்தும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட வேண்டிய ஆள் முன்னால் நின்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்கு ஆச்சரியம். ரா. பேசுகிறார். பாதி ஆங்கிலம், பாதி அவர்கள் பாஷை. ஒரு பாறையைக் காட்டி, இது யானை, என் நாட்டிலிருந்து வந்தது, விசா முடிந்துவிட்டது, அதனால் நகராமல் நிற்கிறது என்றார். படகு முழுக்கச் சிரிப்பு. ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறந்து தண்ணீரில் விழ, நீளமான கொக்கிக் கம்பால் எடுத்துப் பிழிந்து, சலாம் வைத்துக் கொடுத்தார். கை தட்டினார்கள். இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் இவர் இப்படி இருந்ததே இல்லை. பக்கத்துப் பெண்மணி, "அருமையான மனிதர், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன், தெரியாதவரைப் பற்றிச் சொல்வது போல.

இறங்கும்போதாவது கையைக் கொடுத்துவிட வேண்டும் என்று கடைசி ஆளாக நின்றேன். முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக. என் முறை வரும்போது முதலாளியம்மாள் கரையிலிருந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டுவிட்டார். "நீதானே அந்த புரொபசர்" என்று ஆங்கிலத்தில். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு சொன்னது: இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி ரா.விடம் கொடுத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை பதில் வேண்டும். "வீட்டில் கேட்க வேண்டும் என்று பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். நீ என்ன சொல்கிறாய்?"

எனக்கு இது செய்தி. சிரித்து வைத்தேன்.

ஜூன் 4, புதன்

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு அவரே பேச்சை எடுத்தார். ஒப்பந்தத் தாள் மேஜை மேல். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

"என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டத்தயா கேட்டேன்? உன் இஷ்டத்தக் கேட்டேன்."

"எனக்கென்ன, நான் பாட்டுக்கு காலேஜ் போயிட்டு வரேன். அத்தையப் பாத்துக்கறேன். ஒண்ணும் கொறையில்ல."

அவர் தாளை மறுபடி மடித்தார். "ஒண்ணும் கொறையில்லன்னா சரி" என்றார்.

வந்துவிடுங்கள் என்பதுதான் என் இஷ்டம். பெரம்பலூர் பஸ்ஸில் தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு போகிறேன். ஆனால் யானை ஜோக் சொன்ன ஆளைப் பார்த்துவிட்டேனே. அவரைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே உட்கார வைப்பது, டி.வி.க்கு முன்னாலா? அங்கே யார் கை தட்டுவார்கள்? இது நியாயமான யோசனை. இன்று பகல் முழுக்க எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தேன். தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால், இல்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்டு, அவர் யோசித்து, முகம் மாறினால் அதைப் பார்க்க வேண்டிவரும்.

துணி துவைத்தேன். தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வெயில். எதிர் வீட்டுக் கிழவர் நாற்காலியை நிழலுக்கு நிழல் மாற்றிக்கொண்டே இருந்தார்.

இரவு சாப்பிடும்போது: "கையெழுத்துப் போட்டுட்டேன்." சரி என்றேன். ரசம் போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

துபாயில் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. குளிர். மால்டா விமான நிலையத்தில் நான் உள்ளே போகும்வரை ரா. நின்றார். திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டவில்லை, பாக்கெட்டில் விட்டிருந்தார். நானும் ஆட்டவில்லை.

நேபாளிக்கும் கேரளக்காரருக்கும் வடகம் எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய். அரியலூர்

வந்த அசதி. வீடெல்லாம் சிமென்ட் தூசு. மாமியார் வாசலிலேயே எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "ரெண்டு வருசமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் கொஞ்சம் காற்று. ஜெயங்கொண்டம் பக்கம் மழை போலிருக்கிறது, மண் வாசனை.

மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ரா. போன். வேலை நேரத்தில் கூப்பிட மாட்டார். பின்னால் எஞ்சின் சத்தம், ஆட்கள் பேசும் சத்தம். ஊரில் மழையா என்றார். இல்லை என்றேன். அம்மா மாத்திரை போடுகிறாளா என்றார். போடுகிறார் என்றேன். இதுதான் எங்கள் வழக்கமான கேள்வி பதில். அடுத்தது, சரி வைக்கட்டுமா. அதற்கு முன்னால் சொன்னேன்.

"ஏங்க. வந்துடுங்க."

"எங்க?"

"இங்க. வூட்டுக்கு."

எஞ்சின் சத்தம் மட்டும். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இதச் சொல்ல அரியலூர் போய்ச் சேரணுமா?"

"ஆமா."

"கையெழுத்துப் போட்டாச்சு செல்வி."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

யாரோ அவரை அங்கே கூப்பிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் ஏதோ பதில் கத்தினார். பிறகு சத்தம் குறைந்தது. தள்ளி வந்து நின்றிருப்பார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பக்கத்து மாடியில் அந்த வீட்டம்மா மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். சொன்னேன்.