சொந்த வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்

ஃபகாஓஃபோ தீவு, டோக்கலாவ்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பெனேஹேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பன்றிகள் ஏழு, எல்லோரும் சுகம். இவர்களில் உன் அப்பா மட்டும் கோபமாக இருக்கிறார். வெலிங்டன் குளிரில் நீயும் மருமகள் பிலிப்பாவும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். கைபேசியில் எழுதினால் உன் அப்பா எட்டி எட்டிப் பார்க்கிறார், அதனால்தான் கப்பலேறும் நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் மருமகள் கேட்டவற்றுக்குப் பதில். விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறாள். அது பக்கத்து நாட்டில், அபியாவில் இருக்கிறது, அங்கிருந்து கப்பலில் ஒரு பகல், ஓர் இரவு, கடல் முரண்டு பிடித்தால் இன்னும் கொஞ்சம். வங்கி கிடையாது, பணத்தைக் கையோடு கொண்டு வரட்டும். கப்பல் கரைக்கு வராது, படகு பக்கத்தில் வந்து நிற்கும், குதி என்றால் அந்த நொடியே குதிக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. போன தடவை நீ யோசித்தாய். "வெலிங்டன் தொரை குளிச்சிட்டுத்தான் கரையேறுவாரு" என்று படகுக்காரர் கெலெமெனே இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கக் கூடாது, முட்டி தெரிய உடுத்தக் கூடாது, பன்றிகள் கடலில் இறங்கி நீந்தினால் ஐயோ என்று காப்பாற்ற ஓடவும் கூடாது, அவை சாப்பிடப் போகின்றன.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வெளியாள் இங்கே வர ஊர்ப் பெரியவர்கள் சபையின் அனுமதி வேண்டும், சரி, அது பிலிப்பாவுக்கு. நீ எதற்கடா உனக்கும் சேர்த்து விண்ணப்பித்தாய்? அதைச் சபையில் வாசிக்கும் முறை இந்தத் தடவை உன் அப்பாவுடையது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணீரென்று வாசித்திருக்கிறார். வரும் நோக்கம், சுற்றுலா. தங்குமிடம், விடுதி இருந்தால் விடுதி, இல்லாவிட்டால் தெரிந்தவர் வீடு. அதற்குமேல் வாசிக்க முடியவில்லையாம், மற்ற பெரியவர்கள் பாயில் உருண்டு சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர், "நான் தெரிஞ்சவனாம்! முள்ளெடுத்து மீன் ஊட்டினவன் தெரிஞ்சவனாம்!" என்று தாளைத் தன் பாய்க்கடியில் வைத்து அதன்மேலேயே படுத்துவிட்டார். அவர் கொடுக்காமல் சபை அனுமதி தராது, அனுமதி இல்லாமல் மருமகளுக்குக் கப்பலில் இடம் தர மாட்டார்கள். பிலிப்பா தெரியாமல் எழுதியிருப்பாள் என்று சொல்லிப் பார்த்தேன். கையெழுத்து யாருது என்று கேட்டார். உன் கையெழுத்தேதான். நாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேன், ஒரு தாளால் உன் வரவு கெட்டுப்போகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஊர் வலையில் நல்ல மீன். கரையில் ஆளெண்ணிப் பங்கு வைத்தார்கள். நம் வீட்டுக்கு இரண்டு பேர் பங்குதானே, கூடையைப் பார்த்தால் நாலு பேருக்கு இருக்கிறது. அடுத்தவர் பங்கைத் தூக்கி வந்துவிட்டேனே என்று பதறிப் பங்கு வைக்கும் ஃபலானிகோவிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சொல்கிறார், "தப்பெல்லாம் இல்லக்கா, அண்ணன் காலையிலயே வந்து, என் வீட்ல இனிமே நாலு பேருன்னு சொல்லிட்டுப் போனாரே." நீங்கள் வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது! வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன். "அவனுக்கு எண்ணத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகையால் வேறு தாள் எழுது. மருமகள் பேருக்கு மட்டும். தங்குமிடம் என்ற இடத்தில் அப்பா பெயரைப் பெரிதாக எழுது. அதற்கப்புறமும் பாயை விட்டு எழுந்திருக்காவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வந்து சேரக் கடவுள் துணையிருக்கட்டும். அப்பாவுக்கு நல்ல தூண்டில் முள் வாங்கி வர மறக்காதே, நான் சொன்னதாகச் சொல்லாதே. உங்கள் பங்கையும் சேர்த்துத் தின்று எனக்கு வயிறு உப்புகிறது, சீக்கிரம் வாருங்கள்.

உனக்குத் தெரிந்தவரின் மனைவி,
உன் அம்மா லேபேகா